பழைய நம்பர் 114

கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருப்பவளுக்கு ஒரே விதிதான்: எதிரே இருப்பதை அடி, யோசிக்காதே. மைசூரில் பதினான்கு வருஷமாக அந்த விதியால்தான் எனக்குச் சோறு. சம்மன், ஜாமீன், சோதனை வாரண்ட் எல்லாம் எனக்கு ஒன்றுதான். சோதனை வாரண்டில் நிரப்ப வேண்டிய காலி இடங்கள் நாலைந்துதான் இருக்கும். எந்த வீட்டில் என்ன பொருள் இருப்பதாகத் தகவல் என்று ஸ்டேஷனிலிருந்து அர்ஜி வரும். அதைப் பார்த்து நான் நிரப்புவேன். மாஜிஸ்டிரேட் அர்ஜியைப் படிப்பார், கொண்டுவந்த போலீஸ்காரரை இரண்டு கேள்வி கேட்பார், கையெழுத்துப் போடுவார். முத்திரை விழுந்தால் வாரண்ட் வாசலைத் தாண்டிவிடும். அப்புறம் எந்த வீட்டில் எது கவிழ்ந்தாலும் எனக்குத் தெரியாது.

அன்று வந்த அர்ஜியில் என் தம்பியின் பெயர் இருந்தது. திருட்டு மொபைல்களை வாங்கி, பிரித்து விற்கிறான், வீட்டில்தான் வைத்திருக்கிறான் என்று தகவல். அவன் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கை சுத்தமா என்று நான் கேட்டதில்லை. பதில் பிடிக்காது என்று தெரிந்த கேள்வியை நான் கேட்பதே இல்லை. 'இது என் தம்பி, வேறு யாரிடமாவது கொடுங்கள்' என்று எழுந்திருக்கலாம். எழவில்லை. பயமோ அழுகையோ எதுவும் வரவில்லை.

முகவரியைப் பார்த்தேன். அக்ரஹாரம் ஏரியாவில் அவன் தெரு, வீட்டு நம்பர் 114.

தம்பி வீடு 114தான். ஆனால் அது பழைய நம்பர். கார்ப்பரேஷன் நம்பர்களை மாற்றிய பிறகு அவன் வீடு 27. இப்போதைய 114 அதே தெருவின் மறுகோடியில் இருக்கிறது, ஒரு ஆன்ட்டியின் வீடு. எங்களைப் போலத் தமிழ்க்காரர், தனியாக இருப்பவர். வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகள் ஏழு பேரைப் பகலில் பார்த்துக்கொள்வார், அதுதான் அவர் பிழைப்பு. தம்பி ஆதாரில் பழைய நம்பரை மாற்றவே இல்லை. அவனுக்கு வரும் பார்சலெல்லாம் ஆன்ட்டி வீட்டு வாசலில் போய் நிற்கும். அவரும் சலித்துக்கொள்ளாமல் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு இந்தக் கூத்து உண்டு. ஸ்டேஷன்காரர்கள் ஆதாரைப் பார்த்து எழுதிவிட்டார்கள்.

'பழைய' என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் தம்பி மாட்டுவான். சொல்லாவிட்டால் போலீஸ் ஆன்ட்டி வீட்டுக்குப் போகும்.

எதிரே இருப்பதை அடித்தேன். அடித்துவிட்டு, நம்பர் அர்ஜியில் உள்ளபடியே இருக்கிறதா என்று சரிபார்க்கவும் செய்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. மதியம் டப்பாவில் புளியோதரை இருந்தது, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். தம்பிக்குப் போன் செய்யவில்லை. அந்த அளவுக்கு நான் நேர்மையானவளாம்!

சாயங்காலம் அவனே கூப்பிட்டான்.

"அக்கா, போலீஸ் நம்ம தெருவுக்கு வந்துச்சு. கோடி வீட்டு ஆன்ட்டி வீட்டுக்குள்ள போயிட்டாங்க. நல்லவேளை, எனக்கு டைம் கெடைச்சுது."

எதற்கு டைம் என்று நான் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை முதல்முறையாகக் கண்ணெதிரே பார்த்தேன். மறுநாள் போலீஸ் 27 என்று திருத்தி வேறு வாரண்ட் வாங்கினார்கள். அதையும் நான்தான் அடித்தேன். அங்கே ஒன்றும் சிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆன்ட்டி என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். கோர்ட்டில் தெரிந்த ஒரே முகம் நான்தான் என்று தேடிப்பிடித்து வந்திருந்தார். உட்காரச் சொன்னேன்.

"மத்தியானம் மூணு மணிம்மா. பசங்க தூங்கிட்டிருந்தாங்க. அஞ்சு பேர் வந்தாங்க, ஒரு லேடி போலீசும் இருந்துச்சு. மடியில கனமில்ல, எனக்கென்ன பயம், வந்து பாருங்கன்னு கதவைத் தொறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரைச் சாட்சிக்கு நிக்க வெச்சாங்க. பீரோ, அரிசி டப்பா, பசங்க பை, எல்லாத்தையும் கொட்டினாங்க. ஒருத்தர் மொபைல்ல வீடியோ எடுத்துட்டே இருந்தார். பசங்க எழுந்து ஒரே அழுகை. உன் தம்பி பேரைக் கேட்டப்பதான் எனக்குப் புரிஞ்சுது. இது நம்பர் குழப்பம் சார்னு சொன்னேன். வாரண்ட்ல இருக்கறபடிதாம்மா நாங்க செய்ய முடியும்னுட்டாங்க."

மறுநாளிலிருந்து ஒரு குழந்தையும் வரவில்லையாம். போலீஸ் புகுந்த வீட்டில் யார் பிள்ளையை விடுவார்கள்? வீட்டில் எதுவும் எடுக்கவில்லை என்று கோர்ட் முத்திரையோடு ஒரு பேப்பர் கிடைத்தால் அந்த அம்மாக்களிடம் காட்டலாம் என்று வந்திருந்தார். சோதனையில் என்ன கிடைத்தது என்று போலீஸ் அன்றே எழுதித் தந்த மகஜர் நகலில் குழந்தை ஒன்று பாலைக் கொட்டிவிட்டதாம்.

நகல் கேட்டு அவருக்காக நானே மனு அடித்தேன். நகல் கைக்கு வந்த அன்று ஆன்ட்டியை மறுபடி வரச் சொல்லி, முத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஆன்ட்டிக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. தமிழில் சொன்னேன்: வீட்டு நம்பர் 114, சாட்சிகள் முன்னிலையில் சோதனை, பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை.

"தப்பான வீடுன்னு எங்க போட்டிருக்கு?"

"அது போடலை, ஆன்ட்டி."

எப்படிப் போடுவார்கள்? வாரண்டில் அந்த நம்பர், அவர்கள் போனதும் அந்த நம்பர். காகிதப்படி அது சரியான வீடுதான்.

ஆன்ட்டி பேப்பரை நாலாக மடித்தார்.

"ஸ்டேஷன்ல அந்த வாரண்டை அடிச்சவங்களுக்கு நம்ம தெரு தெரிஞ்சிருக்காது, பாவம். உன் கண்ணுல பட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்ப, இல்ல?"

"சொல்லியிருப்பேன், ஆன்ட்டி."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு பைக்குள் கைவிட்டு ஒரு பார்சலை எடுத்து என் மேசை மேல் வைத்தார். "உன் தம்பிக்கு வந்தது. நேத்து வீட்டுல விட்டுட்டுப் போனாங்க. நீ பாக்கறப்ப குடுத்துடும்மா."