வெள்ளைத்தாளுக்கு அடியில் மஞ்சள் முடிக்காரி

டப்பாராணிக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. கட்டின புருஷனே அதை மறந்துவிட்டபோது நமக்கு எதற்கு?

பேரிக்காயைத் துண்டு போட்டுச் சர்க்கரைப்பாகில் அடைத்து விற்கிற கம்பெனியில் அவள் லேபிள் ஒட்டுகிறவள். டப்பாவை ஒரே உருட்டாக உருட்டி, ஒரு நூல் கோணாமல் ஒட்டுவாள். விளம்பரத்துக்கு முகம் தேடி வந்த போட்டோக்காரர், நடிகை எல்லாம் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஒருத்தி போதும் என்று இவளை நிறுத்தினார். கையில் டப்பா, பின்னால் கொடி, கீழே வாசகம்: "நம்ம மண், நம்ம பழம். இதை வாங்குகிறவளே நாட்டைக் காக்கிறவள்." பஸ் நிறுத்தம், கடைக்கதவு என்று ஏறிய முகம் கடைசியில் லேபிளிலேயே ஏறி உட்கார்ந்தது.

புருஷன் முடிவெட்டுகிறவர். கடைக் கண்ணாடிக்கு மேலே அந்தப் படத்தை மாட்டினார். "வர்றவன் எல்லாம் உன்னையே பாத்துக்கிட்டு தலைய ஆட்டாம உக்காந்திருக்கான். போன மாசம் ஒருத்தன் காதுகூட கிழியலடி" என்றார்.

இவ்வளவும் தலைக்கு ஏறினால் சும்மா இருக்க முடியுமா? தங்கச்சி புருஷன் தன் மளிகைக் கடையில் வெளிநாட்டு டப்பாவும் விற்றார். அதில் மஞ்சள் முடியோடு ஒருத்தி சிரிப்பாள். நாலு வருஷத்துக்கு முன்னால் 'நம்ம சரக்கு வாரம்' என்று கம்பெனி ஊர்வலம் விட்டபோது, டப்பாராணி நேராகப் போய் அந்த வாசலில் நின்றாள்.

"இங்க வாங்கறவங்க நாட்ட விக்கறவங்க. என் கூடப்பொறந்தவ கடைன்னு நானே பாக்கல, நீங்க ஏன் பாக்கணும்?"

தெருவே கைதட்டியது. ஆறு மாதத்தில் கடைக்குப் பூட்டு விழுந்தது. தங்கச்சி புருஷன் லாரி ஓட்டப் போனார். அக்கா தங்கச்சிக்கு அன்றோடு பேச்சு அறுந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எதிரே வந்தால் இரண்டு பேரும் வானத்தில் காக்காய் எண்ணுவார்கள்.

போன வாரம் மழைத்தண்ணீர் சமையலறைக்குள் புகுந்தது. தரையில் இருந்த ஒரு டப்பா ஊறிப்போய், அதில் அவள் கன்னம் கழன்று தொங்கியது. துடைக்கப் போன விரல் பட்டு, அடியில் இருந்த வெள்ளைத்தாளும் உரிந்தது.

வெள்ளைத்தாள் அவளுக்குப் புதிதல்ல. பின்வாசல் வழியாக லாரியில் வருகிற டப்பாக்கள் வெள்ளைத்தாள் சுற்றித்தான் வரும். துரு ஏறாமல் இருக்க என்று மேஸ்திரி சொன்னார். கிழிக்காமல் அதன்மேலேயே ஒட்ட வேண்டும். புதிதாகச் சேரும் பெண்களை "நகம் படாம ஒட்டு" என்று மிரட்டுகிறவளே இவள்தான்.

அந்த வெள்ளைத்தாளுக்கு அடியில் மஞ்சள் முடிக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். வீட்டில் இருந்த மற்ற ஐந்தையும் வாளியில் ஊறப் போட்டாள். இரண்டு வெறும் தகரம். மூன்றில் அதே மஞ்சள் முடி. அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயை அணைத்ததுகூடத் தெரியவில்லை.

கம்பெனிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். மேஸ்திரிக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. "நம்ம ஊர்ப் பழம் பத்தலைன்னா கம்பெனி என்ன பண்ணும்? எங்க காய்ச்சா என்ன, இனிக்குதா இல்லையா?"

"ஜனங்களுக்குத் தெரிஞ்சா?"

"யாரு சொல்வா? ஒட்டினது உன் கை. ஒட்டியிருக்கறது உன் மூஞ்சி."

அங்கிருந்து எப்படி நடந்தாளோ, தங்கச்சி வீட்டு வாசலில்தான் கால் நின்றது. பாதி உரிந்த டப்பாவைத் துணி துவைக்கிற கல்மேல் வைத்தாள். தங்கச்சி பார்த்தாள். துவைப்பதை நிறுத்தவில்லை.

"உனக்கு இப்பதான் தெரியுமா?"

"அப்ப உனக்கு?"

"எங்க கடைக்கு இறக்கின லாரிதான் உங்க பின்வாசலுக்கும் போகும். இவருக்கு எப்பவோ தெரியும். ஊரக் கூட்டிச் சொல்லலாம்னு நான் குதிச்சேன். இவருதான் வேணாம்னாரு. 'தப்பு பண்ணவன் கார்ல போயிடுவான், செருப்படி உங்கக்காவுக்குத்தான் விழும்'னாரு. நீ வாசல்ல நின்னு கத்தினப்ப, அந்த மனுஷன் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு."

டப்பாராணி கல்மேல் இருந்த டப்பாவைக் கையில் எடுத்தாள். பிறகு, "அந்த வாளியக் குடு" என்றாள்.

"எதுக்கு?"

"கடை வாசலுக்கு."

"நாளைக்கு உனக்கு வேலை இருக்காதுக்கா."

"இருக்காதுதான்."

வழியில் தன் வீட்டில் இருந்த மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், பூட்டின கடையின் முன்னால், அன்றைக்கு நின்ற அதே இடத்தில், வாளித் தண்ணீரோடு உட்கார்ந்தாள். நாலு மஞ்சள் முடிக்காரிகளையும் வரிசையாக அடுக்கினாள். சாமான் வாங்கிக்கொண்டு போனவர்கள் நின்றார்கள். அன்றைக்கு முதலில் கைதட்டிய தையற்காரி கேட்டாள்: "என்ன ராணி, கட்சி மாறிட்டியா?"

"அன்னைக்கு நான் சொன்னது பொய். தெரியாம சொன்னேன். ஆனா ஒட்டினது நான்தான்."

தையற்காரி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தன் பையிலிருந்து அப்போதுதான் வாங்கிய டப்பாவை எடுத்து வாளிக்குள் போட்டாள். தங்கச்சி பக்கத்தில் வந்து குந்தினாள்.

முதலில் கழன்று மேலே மிதந்தது டப்பாராணியின் முகம். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து, அடியில் இருந்த வெள்ளைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.