இனிஷியலைத் தூக்க மாட்டேன்

காளவாசல் ஆபீஸில் என் பெயருக்கு முன்னால் நிற்பது அம்மாவின் இனிஷியல். இனிஷியல், ஓர் இடைவெளி, பிறகு பெயர். நம் ஊரில் எல்லோரும் எழுதுகிற மாதிரிதான். விண்டோஸில் என் கோப்புறைக்கும் அதையே பெயராக வைத்திருந்தேன். அந்த இடைவெளிதான் வம்பை இழுத்துவிட்டது.

மேக் என்று ஒரு கருவி, விண்டோஸ் அல்லாத யூனிக்ஸ் என்ற இயங்குதளத்து ஆட்களுடையது. சிதறிக் கிடக்கும் நிரல்களை வரிசையாகச் சேர்த்து ஒரு புரோகிராமாகக் கட்டித் தரும். வெளியிலிருந்து ரெடிமேடாக எதையும் இறக்கக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம். அதனால் அதன் மூல நிரலை விண்டோஸில் ஓடும் வடிவத்துக்கு மாற்ற, அதாவது கம்பைல் செய்ய, நானே உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பிலேயே பிழை. நிரல் என் கோப்புறையில் இருந்தது; அதன் பாதையில், அதாவது முகவரியில், இடைவெளியைக் கண்டதும் கம்பைலர் முகவரி முடிந்ததாக நினைத்து, இனிஷியலோடு நின்றுகொண்டு, அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்றது.

டீம் லீடர் எட்டிப் பார்த்தார். "இனிஷியலத் தூக்கிட்டுப் புது யூசர் போட்டுரும்மா. அஞ்சு நிமிச வேலை."

"தூக்க மாட்டேண்ணே. அது எங்கம்மா எழுத்து."

"ஒரு எழுத்துக்கா இம்புட்டு வீம்பு? சாயந்தரத்துக்குள்ள ஓடலைன்னா நானே மாத்திருவேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்பா எங்களை விட்டுப் போனபின் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கையில், "தகப்பன் பேரு?" என்று கேட்ட வாத்தியாரிடம், "வளக்குறது நான், என் பேரப் போடுங்க" என்று மதியம்வரை நகராமல் நின்றவள் அம்மா. அவள் வாங்கித் தந்த எழுத்தை ஒரு மெஷினுக்காக அழிப்பேனா? போங்கடா.

பாதைக்கு மேற்கோள்குறி போட்டேன், மதிக்கவில்லை. நிரலை என் கோப்புறையிலிருந்து எடுத்து சி டிரைவில் நேராக வைத்தேன். கொஞ்ச தூரம் ஓடி அதே பிழை. கண்ணெரிய வாசித்தபிறகே புரிந்தது. கம்பைலர் தன் தற்காலிகக் கோப்புகளை இன்னும் என் பெயருள்ள கோப்புறையில்தான் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தையும் மாற்றினேன். ஓடியது. என் பெயரில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

டீம் லீடரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க நாக்குத் துடித்தது. அவர் திரையில் என் இனிஷியலை விரலால் தொட்டார்.

"என் மெஷின்லயும் இதே தொல்லை வந்துச்சும்மா. எங்கப்பா எழுத்த எடுத்துட்டேன். அவர் தவறுன வருசம் அது" என்றார். "திருப்பிப் போட முடியுமா?"

"முடியும்ணே" என்று எழுந்துபோய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.