நாலு கணுக் கால்

எர்மெலிந்தா சிம்பா ஊசிமுனையில் பசை தொட்டு, சிறு அட்டை நுனியில் ஒரு வண்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஈக்வடாரின் கீத்தோ நகரில், செத்த பூச்சிகளைப் பாடம் செய்து வைக்கும் ஒரு காப்பகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. உடைந்ததை உடைந்தபடி விட அவளுக்குக் கை வராது. கால் உதிர்ந்தால், ஒட்டியதே தெரியாமல் ஒட்டிவிடுவாள். எல்லோரும் அதை மெச்சுவார்கள்; 'தோன்யா', அதாவது அம்மணி, என்று மரியாதையாக அழைப்பார்கள்.

"தோன்யா எர்மே, இங்க வாங்க," என்றார் டாக்டர் வில்லாசிஸ், நுண்ணோக்கியிலிருந்து நிமிராமலே. "இந்தக் கருப்பு வண்டுக்குப் பின்னங்கால் உடம்போட சேர்ற இடுப்பு, வயித்தோட முதல் வளையத்தை ரெண்டாப் பிளக்குது. அப்ப தரைவண்டுக் குடும்பம்தான். அதுல எல்லாப் பாதத்துக்கும் அஞ்சு கணு இருக்கணும். இதுக்கு மிச்சமிருக்கிற பின்னங்கால்ல நாலுதான் இருக்கு."

எர்மெலிந்தா பசை ஊசியைக் கீழே வைத்தாள். போன மழைக்காலத்தில் அந்த வண்டு இருந்த பெட்டி அவள் கையிலிருந்து நழுவியது. இந்த வண்டின் இரண்டு பின்னங்கால்களும் நொறுங்கிவிட்டன. உதிரித் தட்டில் அதே நிறத்தில் கிடந்த ஒரு காலை எடுத்து ஒட்டினாள். அது இருள்வண்டு என்ற வேறு குடும்பத்து வண்டின் கால். இருள்வண்டுக்குப் பின்பாதத்தில் நாலு கணு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்று நிறம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தாள்.

"புது இனம். உங்க பேரத்தான் வைக்கப்போறேன்," என்றார் டாக்டர்.

"இனி தோன்யான்னு கூப்பிட்டா வண்டும் திரும்பிப் பாக்கும்," என்றான் பக்கத்து மேசை ஃபௌஸ்தோ. "விருந்து எப்ப?"

"வேலையப் பாரு," என்றாள்.

ஃபௌஸ்தோவே பாலாடைக்கட்டி ரொட்டி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான். அவள் தன் பங்கைத் தின்றாள், கையைத் துடைத்தாள், நன்றியும் சொன்னாள். வீட்டுக்குப் போகும் பேருந்தில் அதை நினைத்துத்தான் கூசிப்போனாள். புது இனம் என்று அச்சில் வந்துவிட்டால், இல்லாத வண்டைத் தேடி யார் யாரோ அது பிடிபட்ட மலைப் புல்வெளியில் குளிரில் திரிவார்கள். உண்மை தெரியும் நாளில் டாக்டரைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

மறுநாள் காலை டாக்டர் மேலங்கியைக் கழற்றுவதற்குள் அவர் முன்னால் வண்டை வைத்தாள்.

"உக்காருங்க, டாக்டர். அந்தக் கால் இதோடது இல்ல. நான் ஒட்டினது."

வெந்நீரில் தூரிகையை நனைத்து, கால் ஒட்டியிருந்த இடத்தில் வைத்தாள். பசை இளகிக் கால் தனியே வந்தது.

டாக்டர் அந்தக் காலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். அவர் கோபித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"இந்த மாதிரி வேற எதையெல்லாம் ஒட்டியிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

காது மடல் சுட, எர்மெலிந்தா முதல் அலமாரியின் மேல் இழுப்பறையைத் திறந்தாள். தான் கை வைத்த வண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள்.