ரோஸ் நிறக் குஞ்சு

பத்தாவதுக்கு மேல் படிக்காத நான் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். பயத்தை யாரிடமாவது சொன்னால் குறையும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு காலை, மாடம்பாக்கத்தில் எங்கள் பால்கனிக்கு எதிரே உள்ள தண்ணீர் டேங்க் மேல் ஒரு வல்லூறு உட்கார்ந்து, 'கிட்டீ, கிட்டீ' என்று கத்தியது. அணில்கள் சட்டென்று அடங்கிவிட்டன. நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சின்ன வயதில் தாம்பரத்தில் இருந்தபோது, அம்மா கோழிக்குஞ்சுகளுக்கு ரோஸ் சாயம் பூசுவாள். நிறம் மாறினால் வல்லூறு மிரண்டு ஒதுங்கிவிடும் என்று எங்கள் தெருவே நம்பியது. மிஞ்சிய சாயத்தில் வெளுத்துப்போன என் பாவாடையையும் முக்கி எடுத்தாள். ஈரச் சாயமும் தவிடும் கலந்த வாடை வீசும் வாசலில், கையில் குச்சியோடு நான் காவல் நின்றேன்.

காதோரம் விசுக்கென்று ஒரு காற்று. ஒரு குஞ்சைக் காணவில்லை. மதில்மேல் உட்கார்ந்து வல்லூறு சிவந்த கண்ணால் என்னையே பார்த்தது. நகத்தில் ரோஸ் நிறப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அம்மா, அடுத்தது நான்தான்! என் பாவாடையும் அதே கலரு!"

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா சிரித்தார். "உன்னத் தூக்கினு போணும்னா அது லாரி எடுத்துனு வரணும்டி!"

அம்மா சிரிக்கவில்லை. என்னை உள்ளே இழுத்து, முதல் வேலையாகப் பாவாடையை மாற்றினாள்.

போன வாரம் அந்தக் காலையில் பால்கனிக் கொடியில் என் ரோஸ் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் வல்லூறு வரவில்லை. துண்டை என் வீட்டுக்காரர்தான் எடுத்துவந்தார்.