மாடிக்குப் போன கேசரித் தட்டு

பெரிய அத்தை எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவளுடைய சூட்கேஸில் புடவைகளுக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்தவள் என்றுதான் நான் நினைத்தேன். மூன்று மாதமாகியும் அவள் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. ஏன் என்று என் காதுபட யாரும் பேசவில்லை, எனக்கும் அதில் அக்கறை இல்லை. எனக்குப் பதினோரு வயது, கோடை விடுமுறை, கையில் ஒரு மர்மக்கதை. வேறென்ன வேண்டும்.

அது கடையில் வாங்கிய புத்தகம் அல்ல. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. பைண்டர் தாராளமாக ஓரம் வெட்டியிருந்ததால் பல வரிகளுக்குக் கடைசி எழுத்து இருக்காது. ஒரு அத்தியாயத்தின் பின்பக்கத்தில் கத்தரிக்காய் கொத்சு செய்யும் முறை பாதி இருந்தது. புளி கரைத்து ஊற்றும் வரைக்கும்தான். அதற்கு மேல் அந்தக் கொத்சு என்ன ஆனது என்பது கதையைவிடப் பெரிய மர்மம்.

கதை ஒரு ஜமீன் பங்களாவில் நடந்தது. ஊருக்கு வெளியே புளியந்தோப்பு, அதற்கு நடுவில் பதினோரு அறைகள் கொண்ட வீடு. பாகப்பிரிவினைக்காகக் குடும்பம் முழுவதும் வந்து கூடுகிறது. பட்டணத்தில் படித்த கடைசி மகளுக்கு மட்டும் பூட்டிக் கிடக்கும் மாடியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. கேட்டால் எலி என்கிறார்கள். ஒருநாள் அவள் கிணற்றடியில் கழுவப்போட்ட தட்டுகளை எண்ணிப் பார்க்கிறாள். சாப்பிட்டவர்கள் ஏழு பேர், தட்டு எட்டு.

அந்த இடத்தில் பொரியை அள்ளி வாயில் போடப்போன கை அப்படியே நின்றது. நல்ல வெயில் நேரம், தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போகிறான், எனக்கோ முதுகுக்குப் பின்னால் பார்க்கவே பயம். அந்தப் பயம் எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்தான் என்பது பெரிய அத்தை போட்ட சட்டம். "நாங்கெல்லாம் ஒரு வாரம் பூரா காத்திருந்து படிச்சோம். நீ இன்னாடி ஒரே மூச்சுல முழுங்கப் பாக்கறே" என்பாள். நான் அவள் குளிக்கப் போகும் நேரத்தில் இரண்டாவதையும் முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் தினமும் தட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் மர்மம் எதுவும் இல்லை என்பது வருத்தமாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சின்ன அத்தைக்கு ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்தது. தாத்தா பாட்டி போய்விட்டதால் தங்கைகள் இருவருக்கும் அப்பாதான் எல்லாம். எங்கள் ஊரில் பெண் பார்ப்பதற்குப் பௌர்ணமி ரொம்ப வசதி. கிரிவலம் வருகிறோம், வந்த இடத்தில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறோம் என்பார்கள். பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் மலையைச் சுற்றிய புண்ணியம். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஆரணிக்காரர்களும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சின்ன அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூத்தவள் வாழாமல் வந்துவிட்டாள் என்பதுதான் காரணம் என்பது பின்னாளில் எனக்குத் தெரிந்தது. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று அம்மா ஒரு வாரமாகச் சாமி விளக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

பௌர்ணமியன்று காலையில் நான் எழுந்தபோது பெரிய அத்தை இல்லை. புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். சொல்லாமல் போனாளே என்று கோபம் வந்தது. புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருந்ததால் கோபம் தணிந்தது.

நாலு மணிக்கு ஆரணிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, ஒரு மாமா. நான் சமையலறை வாசலில் நின்று வழக்கம்போல எண்ணினேன். கேசரியும் பஜ்ஜியும் வைத்த தட்டுகள் நாலு கூடத்துக்குப் போயின. ஐந்தாவது தட்டை அம்மா இன்னொரு தட்டால் மூடி எடுத்துக்கொண்டு, பின்பக்கப் படியேறி மாடிக்குப் போனாள். மாடியில் இருந்தது ஒரே அறை. அதில் கீழ்பென்னாத்தூர் நிலத்திலிருந்து வந்த வேர்க்கடலை மூட்டைகள்தான் கிடந்தன. மூட்டை கேசரி தின்னாது. இத்தனை நாள் எண்ணியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "பெரிய தங்கச்சி வரலீங்களா?"

"இல்லீங்க. அவங்க வீட்டுக்காரருக்கு லீவு கெடைக்கல. இல்லன்னா ரெண்டு பேரும் வந்திருப்பாங்க" என்றார் அப்பா.

நான் கூடத்துக்கு நடுவில் போய் நின்றேன். "மாடியில யாரோ இருக்காங்கப்பா. அம்மா தட்டு எடுத்துட்டுப் போனாங்க. நான் எண்ணினேன்" என்றேன்.

தலையைக் குனிந்திருந்த சின்ன அத்தை என்னைப் பார்த்தாள். அப்பா சமாளித்துக்கொண்டு சிரித்தார். "லீவு வுட்டதுலேர்ந்து ஒரு பேய்க் கதையப் படிச்சிட்டு இதே வேலை. கண்டுக்காதீங்க. பாப்பா, போய் வெளியில வெளையாடு." மாப்பிள்ளையின் மாமாவும் சிரித்தார். அவர் பேத்தியும் இப்படித்தானாம். என் துப்பறிதல் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒவ்வொரு படியாக. பெரிய அத்தை காலித் தட்டோடு இறங்கி வந்தாள். தட்டைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். "வாங்க. பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தியா இருந்திருக்குமே" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னாள். அந்த அம்மாள் "ஆமாம்மா" என்றார். பெரிய அத்தை தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்கள் கிளம்பும் வரை எழுந்திருக்கவில்லை. கலந்து சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிரிவலத்துக்குப் போனார்கள். நான்கு நாள் கழித்து, ஜாதகத்தை இன்னொருவரிடம் காட்டினோம், பொருத்தம் கம்மியாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள்.

அன்று மாலையே எனக்கு விசிறிக் காம்பால் அடி விழுந்தது. புத்தகம் பரணுக்குப் போனது. சின்ன அத்தை இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. நான் வைத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. அவள் அழுததைப் பார்த்தபோது நான் செய்தது பெரிய பாவம் என்று புரிந்தது. பெரிய அத்தையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தை காட்டிக்கொடுத்த பிறகு அவள் இறங்கி வராமல் என்ன செய்வாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். நானும் அதைத்தான் நம்பினேன்.

அடுத்த வருஷம் வேங்கிக்காலிலிருந்து ஒரு வரன் வந்தது. அன்று பெரிய அத்தையே வாசலில் நின்று வாங்க என்றாள். மாடிக்குப் போகச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. அந்த இடம் அமைந்தது. சின்ன அத்தைக்கு இப்போது பேரன் இருக்கிறான், என்னைப் பார்த்தால் இன்னும் "வாடி சிஐடி" என்பாள். பரணிலிருந்து எடுத்துக் கடைசி அத்தியாயத்தையும் ஒருநாள் படித்து முடித்தேன். குற்றவாளி கணக்குப்பிள்ளை. சப்பென்றிருந்தது.

மேலே சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன். பெரிய அத்தை படியிறங்கி வந்தபோது மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலையில் இரண்டு முழம் மல்லி. வளையல்கள்கூடப் புடவைக்குப் பொருத்தமாக இருந்தன. அழகாக இருக்கிறாளே என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. யார் கண்ணிலும் படாமல் கடலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் எதற்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள் என்று, தட்டுகளை எண்ணத் தெரிந்த எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.