ஒந்தினா சொன்ன நன்றி

நாடகம் என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு இப்போது வாய் கசக்கிறது. எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு வந்தது.

மொந்தெவிதேயோ நகரத்தில் எங்கள் அடுக்குமாடியின் நாலாவது மாடி வீட்டில் ஒந்தினா முப்பத்தோரு வருஷமாகச் சமையல். அந்த வீட்டுப் பெண் மிகாயெலாவைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்ததும் அவள்தான். நான் அதே கட்டிடத்தில் படிக்கட்டு துடைக்கிறவள்.

தினமும் நாலு மணிக்கு மூன்று பேரும் அந்தச் சமையலறையில் மாத்தே குடிப்போம், இலையில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சுகிற எங்கள் ஊர்க் கசப்புத் தேநீர். ஒரே குவளை, ஒரே குழல், ஊற்றுவது ஒந்தினா. ஊற்றுகிறவளுக்கு உரிய முதல் குவளையை அவள் குடிக்க மாட்டாள். ஒரு நிமிஷம் ஜன்னல் விளிம்பில் வைப்பாள். இருபது வயதில் ஆற்றோடு போன அவள் மகன் நெல்சனுக்கு. "சூடா இருக்குப்பா, ஊதிக் குடி" என்பாள். பிறகுதான் எங்களுக்கு. குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது 'நன்றி' என்று சொன்னால், 'எனக்குப் போதும், இனி ஊற்றாதே' என்று அர்த்தம். நான் மூன்றாவதில் சொல்லிவிடுவேன். மிகாயெலா ஒரு நாளும் சொன்னதில்லை. "எம் பாப்பாவுக்குப் போதும்கிறதே கிடையாது" என்று ஒந்தினாவுக்கு அதில் ஒரு பெருமை.

போன மாதம் மிகாயெலாவுக்கு ஒரு பழைய நகைச்சுவை நாடகத்தில் வேலைக்காரி வேஷம் கிடைத்தது. எங்கள் தாத்தா காலத்து நாடகம், ஊருக்கே மனப்பாடம். ஞாயிறு மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தாள்.

"கண்டிப்பா வா, ஒந்தி. உனக்காக ஒண்ணு வச்சிருக்கேன்."

ஒந்தினா தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் நாலு தடவை கேட்டுவிட்டாள்: "மேடையில என் பேரச் சொல்லுவாளோ, எல்சிரா?"

பேரைச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். இரண்டாம் அங்கத்தில், நாடகத்திலேயே இல்லாத ஒரு காட்சி. வேலைக்காரி ஒரு காலை இழுத்து இழுத்து வந்தாள், அச்சு அசல் ஒந்தினாவின் நடை. மாத்தே ஊற்றி ஒரு காலி நாற்காலியிடம் நீட்டினாள். "சூடா இருக்குப்பா, ஊதிக் குடி." நாற்காலி வாங்கவில்லை. தானே ஊதிக் காட்டினாள். "கசக்குதா? சக்கரை போடவா?"

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு முன்னால் ஒருவன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். சீ! செத்த பிள்ளைக்கு வைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்து வேடிக்கை காட்டுகிறாள். அந்தச் சமையலறையில் தின்று வளர்ந்த உடம்புதானே அது.

"எந்திரி, போயிடலாம்" என்றேன்.

"இரு. பாதியில எந்திரிச்சா அவ பாத்துருவா. வசனம் மறந்துரும்."

கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி ஒந்தினா கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். கையும் தட்டினாள். அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

முடிந்ததும் மிகாயெலா வேஷத்தோடேயே வெளிக்கூடத்துக்கு ஓடி வந்தாள். கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் குவளை. நாலைந்து பேர் சுற்றி நின்று பல்லைக் காட்டினார்கள்.

"எப்படி இருந்துச்சு, ஒந்தி? அப்படியே நீதானே? நாடகத்துலயே அந்த இடத்துக்குத்தான் சிரிப்பு ஜாஸ்தி."

"நடை நல்லா வந்திருக்கு" என்றாள் ஒந்தினா.

மிகாயெலா குவளையை நிரப்பி நீட்டினாள். அவள் ஊற்றி ஒந்தினா குடித்தது அதுதான் முதல் தடவை. குழல் கொரகொரவென்று சத்தம் போடும்வரை நிதானமாகக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு குவளையைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்ததை ஊற்ற மிகாயெலா ஃபிளாஸ்க்கைச் சாய்த்தாள்.

"நன்றி, பாப்பா" என்றாள் ஒந்தினா.

சுற்றி நின்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மிகாயெலாவின் கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.