வாய்மொழி உத்தரவு

எந்தத் தாளைக் கொடுத்தாலும், தபால் பிரிவு எழுத்தரான தபாலக்கா முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். "முன்னாடி ஐயா, அம்மான்னு குழைஞ்சிருப்பாங்க. மனசுல இருக்கறதைப் பின்னாடிதான் கிறுக்கிப் பாத்திருப்பாங்க" என்பார். பிறகுதான் முத்திரை விழும், எண் விழும். அவர் எண் போடாத எதுவும் அந்த அரசு அலுவலகத்தில் நடந்ததாகவே ஆகாது.

ஆள் சன்னம். குரல் அதைவிடச் சன்னம். காலில் ஆணி என்பதால் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. யாராவது கத்தினால் பேனா மூடியால் காதைக் குடைந்துகொள்வார்.

கத்துவதற்கென்றே ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். ஊழியர்கள் வைத்த பெயர் மைக்செட். அவர் வாய்க்கு வாகாக அகப்பட்டவள் புதிய தட்டச்சர். பணியில் இருக்கும்போதே அப்பா இறந்துபோனதால் மகளுக்குக் கிடைத்த வேலை. அம்மாவும் படிக்கும் இரண்டு தம்பிகளும் அதை நம்பித்தான் இருந்தார்கள். மைக்செட் அவளை அரை மணி நேரம் நிற்கவைப்பார்.

"உங்கப்பன் செத்துக் குடுத்த நாற்காலி. அதுலயும் ஒழுங்கா உக்காரத் தெரியல."

கூடம் முழுக்கக் கேட்கும். கூடம் முழுக்க ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொள்ளும். தபாலக்காவின் தலையும்தான்.

ஒருநாள் காலையில் அவள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். தபாலக்கா திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணுமே இல்லையேம்மா."

"அதான் முன்னாடியே எழுதிட்டேனே அக்கா."

"ரெண்டு நகல் வேணும். ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டா."

அப்படி ஒரு விதியே கிடையாது. ஆனால் வேறொரு விதி இருந்தது. மேலதிகாரி வாயால் சொன்ன உத்தரவை அன்றைக்கே தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மைக்செட் வாயிலிருந்து வருவதெல்லாம் உத்தரவுதானே.

"அவர் சொல்றதை எழுதினா உன் பேரு வரும். வரட்டுமா?" என்று கேட்டார் தபாலக்கா.

அவள் நகத்தைக் கடித்தாள். பிறகு, "உங்க எழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கும் அக்கா. நானே டைப் பண்றேன்" என்றாள்.

'தங்கள் வாய்மொழி உத்தரவுப்படி, தட்டச்சர் இன்று முப்பது நிமிடங்கள் நின்றார். தண்டச்சோறு என இருமுறை அழைக்கப்பட்டார். ஒப்புதலுக்கு.'

தினமும் இப்படி ஒரு தாள் மற்றக் கடிதங்களோடு கையெழுத்து அட்டைக்குள் போனது. மாலை நாலரைக்கு மைக்செட்டுக்குக் கையெழுத்து நேரம். அட்டைக்குள் எது இருந்தாலும், போனில் பேசிக்கொண்டே, ஆடு தழை மேய்வதுபோல் போட்டுக்கொண்டு போவார். ஒன்பது நாளில் ஒன்பது தாளிலும் போட்டார். தேதியும் போட்டார். நாற்காலிப் பேச்சு இருந்த தாளில் பேனா மக்கர் பண்ணியது. பக்கத்திலிருந்தவரிடம் வேறு பேனா வாங்கிப் போட்டார்.

பத்தாம் நாள் அவள் புகார் கொடுத்தாள். தபாலக்கா எண் போட்டார்.

புகார்க் குழுவில் மூன்று பேர். "நான் கண்டிப்பான ஆளுதான். ஆனா தப்பா ஒரு வார்த்தை வராது" என்றார் மைக்செட். குழுத் தலைவி ஒன்பது தாள்களையும் அவர் முன்னால் பரப்பினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"கையெழுத்து என்னுதுதான். படிக்காமப் போட்டுட்டேங்க."

"எத்தனை வருஷமாப் படிக்கல?"

சாட்சியாக நின்ற தபாலக்காவிடம் தலைவி திரும்பினார்.

"நீங்க கேட்டீங்களா?"

"மூணு மாசமாக் கேட்டேன். முதல் நாளே எழுதியிருக்கணும்" என்றார்.

இப்போது மைக்செட் பின்கட்டடத்தில் பழைய இரும்பு அலமாரிகளுக்குப் பொறுப்பாளர். இறுதி உத்தரவு இன்னும் வரவில்லை. அலுவலக நடைமுறையைக் கேலிக்கூத்தாக்கியதாகத் தபாலக்காவுக்கும் ஒரு மெமோ வந்திருக்கிறது. அவர் இன்னும் பதில் எழுதவில்லை. தட்டச்சர் அதே கூடத்தில்தான் இருக்கிறாள். நேற்று மூத்த எழுத்தர் ஒருவர் தூரத்திலிருந்தே விரலைச் சொடுக்கி அவளைக் கூப்பிட்டார். அவள் தட்டச்சு செய்வதை நிறுத்தவில்லை. அவரே எழுந்து வந்தார்.